வேலையைப் பிரிக்காமல் படுக்கையைப் பிரிப்பது: 30 படுக்கை வார்டில் நோயாளி மையச் செவிலியம்

ஒரு பொது மருத்துவ வார்டில் காலை ஷிஃப்ட் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. ஒரு நர்ஸ் முப்பது பேருக்கும் ஊசி போடுகிறார். இன்னொருவர் முப்பது பேருக்கும் பி.பி., பல்ஸ், காய்ச்சல் பார்க்கிறார். மூன்றாமவர் டிரஸ்ஸிங், நான்காமவர் டிஸ்சார்ஜ் வேலை, ஐந்தாமவர் இன்டென்ட், அதாவது ஸ்டோரிலிருந்து பொருள் கேட்டு எழுதும் வேலை. பதினோரு மணிக்கு 14-ஆம் படுக்கைக்காரரின் மகன் வந்து "சிஸ்டர், அப்பா இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. ஊசி போட்டவருக்கு மருந்து தெரியும், பி.பி. பார்த்தவருக்கு எண் தெரியும். அப்பாவை யாருக்கும் தெரியாது.

இந்த வேலைப் பங்கீட்டு முறை இரண்டாம் உலகப் போர்க் கால ஆள் பற்றாக்குறையில் அமெரிக்க மருத்துவமனைகளில் வேரூன்றியது. 1950-களில், ஒரு சிறு குழு சேர்ந்து ஒரு தொகுதி நோயாளிகளைக் கவனிக்கும் குழுச் செவிலியம் வந்தது. 1960-களின் இறுதியில் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் மேரி மேந்தியும் சகாக்களும் ஒரு நோயாளிக்குச் சேர்ந்த நாள் முதல் வீடு திரும்பும் வரை ஒரே நர்ஸ் பொறுப்பு என்ற முதன்மைச் செவிலிய முறையைக் கட்டினார்கள். 2001-இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் நல்ல சிகிச்சையின் ஆறு இலக்கணங்களில் ஒன்றாக 'நோயாளி மையம்' என்பதைச் சேர்த்த பிறகு அந்தச் சொல் உலகெங்கும் பரவி, இன்று மருத்துவமனைச் சுவர்களில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. சுவரில் தொங்குவதால் யாருக்கும் படுக்கைப்புண் குறைவதில்லை. கீழே சொல்வது, அதை, அதாவது ஒவ்வொரு நர்ஸும் தனக்கென ஒதுக்கிய சில படுக்கைகளின் எல்லா வேலையையும் தானே பார்ப்பதை, ஒரு வார்டில் உண்மையிலேயே நடத்துவதற்கான வழி.

எண்ணிக்கை முதலில்

இதைத் தாண்டிப் போக முடியாது என்பதால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் லிண்டா எய்க்கனின் குழு, பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸ் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலே 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் கண்டது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் நடத்தி 2014-இல் வெளியான ஆய்விலும் அதே 7 சதவீதம்தான். ஆள் எண்ணிக்கைக்கு இவ்வளவு உறுதியான சான்று உண்டு. பராமரிப்பு மாதிரியை, அதாவது யார் யாரைப் பார்ப்பது என்ற முறையை, மட்டும் தனியே பிரித்துச் சோதித்த நல்ல ஆய்வுகள் அதைவிடக் குறைவு. மாதிரியை மாற்றினால் ஆள் குறைவைச் சமாளிக்கலாம் என்று நிர்வாகம் கணக்குப் போட்டால், அது தவறான கணக்கு.

30 படுக்கைக்குக் காலையில் 5, மாலையில் 4, இரவில் 3 நர்ஸ்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 12 ஷிஃப்ட், ஆண்டுக்கு 4,380. ஒரு நர்ஸ் வார விடுமுறை 52, மற்ற விடுப்புகள் 45 போக 268 நாள் வேலை செய்கிறார். 4,380-ஐ 268-ஆல் வகுத்தால் 16.3. ஆகவே 17 பேர், அவர்களுக்கு மேல் ஒரு வார்டு இன்சார்ஜ். பட்டியலில் 12 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் முப்பது படுக்கையிலும் தொடங்காதீர்கள். பத்துப் படுக்கையில் ஆறு முதல் எட்டு வாரம் நடத்திப் பாருங்கள். எப்படியானாலும் முதல் சோதனை பத்துப் படுக்கையில் இருப்பதே நல்லது.

அதற்கு முன் ஒரு வாரம் நர்ஸ்களின் நேரத்தைக் குறித்து வையுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம், அதில் என்ன வேலை என்று ஒரு சொல், அவ்வளவு போதும். ஸ்கேனுக்கு அழைத்துப் போவது, லேப் ரிப்போர்ட்டைத் தேடுவது, காப்பீட்டுப் படிவம் நிரப்புவது, ஸ்டோருக்கு நடப்பது எல்லாம் எவ்வளவு விழுங்குகின்றன என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அந்த வேலைகளுக்கு வார்டு கிளார்க் ஒருவரையும் உதவியாளர் ஒருவரையும் கேட்டு வாங்குவது, புதிதாக நர்ஸ் கேட்பதைவிட எளிதில் கையெழுத்தாகும்.

தொடங்கும் முன் அளந்து வையுங்கள்

குறைந்தது மூன்று மாதப் பழைய கணக்கு வேண்டும். இல்லாவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. ஐந்து அளவுகள் போதும்: கீழே விழுந்தவர்கள், வார்டில் புதிதாக வந்த படுக்கைப்புண், மருந்துப் பிழை, திட்டமிடாமல் ஐ.சி.யூ.வுக்கு மாற்றப்பட்டவர்கள், 30 நாளுக்குள் திரும்பச் சேர்ந்தவர்கள்.

விழுந்தவர்களைத் தலையெண்ணிச் சொன்னால் பயனில்லை. 1,000 நோயாளி நாளுக்கு எத்தனை என்று கணக்கிட வேண்டும்; ஒரு நோயாளி ஒரு நாள் வார்டில் இருந்தால் அது ஒரு நோயாளி நாள். 30 படுக்கையில் சராசரியாக 90 சதவீதம் நிரம்பியிருந்தால் 30 நாள் மாதத்துக்கு 810 நோயாளி நாட்கள். மூன்று பேர் விழுந்திருந்தால் 3.7. அடுத்த மாதம் இருவர் விழுந்தால் 2.5. உடனே கேக் வெட்ட வேண்டாம், இவ்வளவு சிறிய எண்கள் தற்செயலாகவே ஏறி இறங்கும். மாத அளவுகளை ஒரு கோட்டுப்படத்தில் குறித்து, நடுவில் பழைய மாதங்களின் இடைநிலை அளவை (மீடியன்) ஒரு கோடாகப் போடுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே வந்தால்தான் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. புதிய முறை தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் பிழைகளும் புண்களும் கூடியதுபோல் தெரியலாம். முன்பு யாரும் பார்க்காததை இப்போது ஒருவர் பார்த்து எழுதுகிறார் என்பதே காரணம். அந்த மாதங்களில் "ஏன் கூடுச்சு?" என்று நர்ஸை நிற்க வைத்துக் கேட்டால், நாலாம் மாதத்திலிருந்து எண் அழகாகக் குறையும், எழுதுவது நின்றிருக்கும்.

படுக்கைகளைப் பிரிக்கும் முறை

30-ஐ 5-ஆல் வகுத்து ஆளுக்கு ஆறு என்று கொடுத்தால் ஒரே வாரத்தில் சண்டை வரும். ஒருவருக்கு நடமாடும் ஆறு பேர் வாய்ப்பார்கள், இன்னொருவருக்குப் பக்கவாதம் வந்த நால்வர். எளிய மதிப்பெண் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தானே எழுந்து நடப்பவருக்கு 1. கழிவறைக்கோ சாப்பாட்டுக்கோ உதவி வேண்டியவருக்கு 2. படுத்த படுக்கையாக இருப்பவருக்கும், நிலை ஏறி இறங்கிக்கொண்டிருப்பவருக்கும் 3. வார்டில் முறையே 12, 12, 6 பேர் இருந்தால் மொத்தம் 54. ஐந்து நர்ஸ்களுக்கு ஆளுக்குப் பதினொன்றை ஒட்டி வரும். பக்கத்துப் பக்கத்துப் படுக்கைகளாகக் கொடுங்கள். வார்டின் இரு முனைகளில் நோயாளிகள் இருந்தால் நடந்தே நேரம் போய்விடும்.

இதைவிட முக்கியம் தொடர்ச்சி. நேற்றுப் பார்த்தவரையே இன்றும் பார்த்தால்தான் "நேத்து பேசினது மாதிரி இன்னிக்கு இல்லையே" என்று தோன்றும். எந்தக் கருவியும் சொல்லாத செய்தி அது. ஆகவே ஒரே ஷிஃப்டில் ஐந்தாறு நாள் தொடர்ந்து வருமாறு டியூட்டி போடுங்கள். காலை ஒரு நாள், மாலை ஒரு நாள், நைட் ஒரு நாள் என்று கலைத்துப் போடும் பட்டியலில் இந்த மாதிரி உயிர் பிழைக்காது. படுக்கையின் தலைமாட்டில் அன்றைய நர்ஸின் பெயரைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். நோயாளியையும் பெயர் சொல்லியோ ஐயா, அம்மா என்றோ அழைக்க வேண்டும். "பன்னெண்டாம் பெட்" என்ற பேச்சு, ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவரிலும் வேண்டாம். மரியாதை ஒரு பக்கம் இருக்க, படுக்கை மாறும்போது மருந்து மாறிப் போவதற்கு அந்தப் பழக்கமே ஒரு காரணம்.

இங்கே இரண்டு இடத்தில் முட்டிக்கொள்ளும். ஒன்று, காலை 8 மணிக்கு ஐந்து நர்ஸ்களும் ஒரே மருந்து டிராலியைச் சூழ்ந்து நிற்பார்கள். நோயாளிவாரியாக மருந்துப் பெட்டி வையுங்கள், இரண்டாவது டிராலி ஒன்று கேளுங்கள். அளவு தவறினால் உயிருக்கே அபாயமான இன்சுலின், ஹெப்பரின், பொட்டாசியம் குளோரைடு மூன்றுக்கும் இருவர் சரிபார்ப்பு கட்டாயம். இரண்டு, டாக்டர் ரவுண்ட்ஸ். பெரிய டாக்டர் வழக்கம்போல இன்சார்ஜ் சிஸ்டரிடம்தான் கேட்பார், இன்சார்ஜும் பழக்கத்தில் பதில் சொல்லிவிடுவார். அங்கேயே மாதிரி உடைகிறது. இன்சார்ஜ் கூட நடக்கட்டும். ஒவ்வொரு படுக்கையிலும் அதற்குரிய நர்ஸ் நான்கு வரியில் சொல்லட்டும்: இப்போது என்ன பிரச்சினை, பின்னணி என்ன, நான் என்ன பார்த்தேன், எனக்கு என்ன உத்தரவு வேண்டும்.

படுக்கையருகே ஹேண்டோவர்

ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று நிமிடம், ஆறு பேருக்குக் கால் மணி நேரம். மேசையில் நோட்டைப் படித்து ஓவர் கொடுப்பதைவிட இது நீளாது. முதலில் அறிமுகம்: "ஐயா, நான் வீட்டுக்குக் கிளம்புறேன், ராத்திரி ஏழு மணி வரைக்கும் இந்த சிஸ்டர் உங்களைப் பார்த்துக்குவாங்க." பிறகு இருவரும் சேர்ந்து கண்ணால் பார்க்க வேண்டியவை: கேனுலா (டிரிப் ஏற்றும் நரம்புக் குழாய்) போட்ட இடம், டிரிப் ஓடும் வேகம், சிறுநீர்ப் பையில் எவ்வளவு, ஆக்சிஜன் எத்தனை லிட்டர், முதுகும் குதிகாலும், மருந்துத் தாளில் கையெழுத்து இல்லாத கட்டம். கடைசியில் நோயாளியிடம் ஒரே கேள்வி: "நாங்க எதையாவது விட்டுட்டோமா?"

எல்லாவற்றையும் படுக்கையருகே பேசக் கூடாது. எச்.ஐ.வி. முடிவு, குடும்பம் இன்னும் நோயாளியிடம் சொல்லாத புற்றுநோய், திருமணமாகாத பெண்ணின் கர்ப்பம், தற்கொலை முயற்சி ஆகியவற்றை முன்பே தனியிடத்தில் சொல்லிவிட வேண்டும். நம் வார்டுகளில் பக்கத்துப் படுக்கை மூன்றடி தூரம்தான், நோயாளிகளுக்குத் துணையாக இருக்கும் அட்டெண்டர்களின் காதுகள் அதைவிடக் கிட்டே.

மணிக்கொரு சுற்று

காலை 6 முதல் இரவு 10 வரை மணிக்கொரு முறை, இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, கூப்பிடாமலேயே நர்ஸ் தன் படுக்கைகளைச் சுற்றி வருவது. வலி இருக்கிறதா, கழிவறை போக வேண்டுமா, படுத்திருக்கும் நிலை சரியா, தண்ணீரும் கண்ணாடியும் அழைப்பு மணியும் கைக்கெட்டுகின்றனவா, இந்த நான்கும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 14 மருத்துவமனைகளின் வார்டுகளில் நடத்தி 2006-இல் வெளியான ஆய்வில் இதனால் அழைப்பு மணியும் விழுதல்களும் குறைந்தன, திருப்தி கூடியது. அதில் வியப்பில்லை. வார்டில் பலர் விழுவது கழிவறைக்குப் போகும் வழியிலோ, கட்டிலிலிருந்து அதற்காக எழும்போதோதான். விடியற்காலை நேரம் மோசமானது. சிறுநீர் பிரியும் மருந்தான ஃப்ரூசமைடின் இரண்டாவது வேளையை மாலை ஆறுக்குக் கொடுத்தால் இரவெல்லாம் நடக்க வைக்கிறோம் என்று பொருள். பிற்பகல் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். விழும் அபாயத்தைக் கணிக்கும் மார்ஸ் அளவுகோலில் 45-க்கு மேல் வருபவரைக் கழிவறையில் தனியே விட்டு வெளியே நிற்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு கையெட்டும் தூரத்தில் உள்ளேயே இருக்க வேண்டும், வெட்கப்பட்டாலும் பரவாயில்லை.

இந்தச் சுற்று பாழாவது ஒரே விதத்தில்தான்: தாளில். ஷிஃப்ட் முடிவில் உட்கார்ந்து 8.00, 9.00, 10.00 என்று ஒரே பேனாவில் கையெழுத்து வரிசையாக இறங்கும். உண்மையில் சுற்றியவரின் தாளில் 8.10, 9.25, 10.05 என்று இருக்கும், நடுவில் ஒரு மணி நேரம் விட்டும் போயிருக்கும். அழகான தாளைப் பாராட்டாதீர்கள். வாரத்தில் இரண்டு முறை இன்சார்ஜ் நேரே நோயாளியிடம் போய் "கடைசியா சிஸ்டர் எப்ப வந்தாங்க?" என்று கேட்பது போதும்.

படுக்கைப்புண்

சேர்ந்த முதல் எட்டு மணி நேரத்துக்குள், படுக்கைப்புண் அபாயத்தைக் கணிக்கும் பிரேடன் அளவு எடுங்கள். 6 முதல் 23 வரை மதிப்பெண், 18-ம் அதற்குக் கீழும் வந்தால் ஆபத்து. புரளாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 30 டிகிரி சாய்த்துப் படுக்க வையுங்கள். நேராக ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பெலும்பு முனையில் அழுத்தம் விழும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். பாடநூல்கள் 'சிவந்திருக்கிறதா பார்' என்கின்றன. நம் மாநிறத்திலும் கருப்பிலும் அந்தச் சிவப்பு தெரிவதே இல்லை. தொட்டுப் பார்க்க வேண்டும்: பக்கத்துத் தோலைவிடச் சூடாக, கல் மாதிரி அல்லது சேறு மாதிரி, தொட்டால் வலியாக இருந்தால் அதுதான் முதல் நிலை. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பதும் அன்பாகச் செய்யும் கேடு.

மூச்சை எண்ணுதல்

இறப்பு எண்ணிக்கையை நர்ஸ் குறைப்பது பெரும்பாலும் இந்த ஒரு வேலையில்தான். வார்டில் ஒருவர் திடீரென்று மோசமாவது அரிது, பல மணி நேரம் முன்பே உடல் சொல்லிவிடும். அதைக் கேட்கக் கட்டமைத்தது பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட நியூஸ் டூ அளவுகோல்: மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் வைத்திருக்கிறாரா, பி.பி., பல்ஸ், நினைவு, உடல்சூடு. ஒவ்வொன்றுக்கும் போட்ட மதிப்பெண்களின் கூட்டு 5 ஆனால் டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும், 7 ஆனால் அவசரகாலக் குழு. ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

எங்கே தவறும்? கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் மூச்சு வேகம் எல்லோருக்கும் எப்போதும் 20. யாரும் எண்ணுவதில்லை. 12 முதல் 20 வரை மதிப்பெண் 0, 25-ம் அதற்கு மேலும் 3. நிமிடத்துக்கு 26 முறை மூச்சு வாங்குபவருக்கு 20 என்று எழுதினால் அழைத்திருக்க வேண்டிய அழைப்பு போகாது. மணிக்கட்டில் நாடி பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 60 விநாடி மார்பை எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சை மாற்றிக்கொள்வார்கள்.

முதியவர்கள் ராத்திரியில் பிதற்றுவதும் இதே வகைச் சேதிதான். சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், வலி, தொற்று, சர்க்கரை குறைவு என்று வரிசையாகப் பாருங்கள். கையைக் கட்டுவது முதல் வேலை அல்ல. கண்ணாடியும் காது கருவியும் மாட்டிவிடுவது, பகலில் நடக்க வைப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, இரவில் தூங்க விடுவது போன்ற எளிய செயல்களைக் கொத்தாகச் செய்து 852 முதியவர்களிடம் யேல் குழு நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் குழப்பநிலை 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தது.

கூட இருப்பவர்

மேலைநாட்டுக் கையேடுகளில் இந்தப் பகுதி மெலிந்திருக்கும், நம் வார்டில் இது பாதி வேலை. தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே பிரசவ அறையில் உறவுப்பெண் ஒருவரை உடனிருக்க அனுமதித்தார்கள். பிரசவத்தில் தொடர்ந்து ஒருவர் துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரம் சுருங்குகிறது என்று 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய காக்ரேன் தொகுப்பாய்வு 2017-இல் உறுதிசெய்தது. மற்ற வார்டுகளில் மட்டும் அட்டெண்டரைக் கூட்டமாகப் பார்க்கிறோம்.

சேர்ந்த அன்றே ஒருவரைத் தேர்ந்து கற்றுக்கொடுங்கள். அவர் செய்யலாம்: புரட்டிப் படுக்க வைப்பது, வாய் கழுவிவிடுவது, நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறிது சிறிதாக ஊட்டுவது, சிறுநீரை அளந்து சொல்வது. தொடக் கூடாதவை: டிரிப்பின் வேகத்தை மாற்றும் உருளை, ஆக்சிஜன் அளவு, மானிட்டர் அலாரம், பயிற்சி தராதவரை மூக்குக்குழாய். அவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு நர்ஸ் விலகிக்கொள்ளும் சபலமும் இங்கேதான் வரும். புரட்டியது மகளாக இருந்தாலும் முதுகைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டியது நர்ஸ்.

வீட்டுக்கு அனுப்புதல்

திரும்பச் சேர்வதைக் குறைக்க டிஸ்சார்ஜ் நாளில் பேசிப் பயனில்லை. பில், ஆட்டோ, சாமான் மூட்டை நடுவே யாரும் எதையும் கேட்பதில்லை. மூன்று நாள் முன்பே தொடங்கி, ஒரு நாளைக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலையாட்டுவார்கள். "வீட்ல அம்மாவுக்கு எப்படிப் போடுவீங்க, எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான பிழை வெளியே வரும்.

இன்சுலின் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கே மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் இரண்டும் புழக்கத்தில் உள்ளன. சிகப்பு மூடிச் சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 40 குப்பியில் ஆரஞ்சுச் சிரிஞ்சால் 20 கோடு வரை இழுத்தால் போவது 8 யூனிட்தான், சர்க்கரை இறங்காது. 100 குப்பியில் சிகப்புச் சிரிஞ்சால் 20 இழுத்தால் 50 யூனிட் போய் மயங்கி விழுவார். குப்பியையும் சிரிஞ்சையும் கையில் கொடுத்து ஒருமுறை இழுக்கச் சொல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள். வீடு போய் இரண்டு மூன்று நாளில், அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸே ஒரு போன் செய்யட்டும். மருந்து வாங்கியாச்சா, எது எத்தனை வேளை, மறு செக்கப் என்றைக்கு என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும்.

திருப்திப் படிவம்

அமெரிக்காவில் 2008 முதல் நோயாளி அனுபவ மதிப்பெண்கள் பொதுவில் வெளியாகின்றன, 2012 முதல் மருத்துவமனைக்குக் கிடைக்கும் பணமும் அவற்றோடு ஓரளவு கட்டப்பட்டது. ஆனால் 2012-இலேயே வெளியான ஃபென்டன் குழுவின் ஆய்வில், மிகத் திருப்தியாக இருந்தவர்களிடம் செலவும் இறப்பும் கூடுதலாக இருந்தன. கேட்ட ஊசியைப் போட்டு, கேட்ட ஸ்கேனை எடுத்துக் கொடுத்தாலும் திருப்தி வரும். அதனால் "திருப்தியா?" என்று கேட்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள்: கூப்பிட்டபோது எவ்வளவு நேரத்தில் வந்தார்கள், புது மருந்து எதற்கு என்று சொன்னார்களா, கழிவறைக்கு உதவி கிடைத்ததா. வார்டை விட்டுப் போன பிறகு, அந்த வார்டைச் சேராத ஒருவர் கேட்க வேண்டும். படுக்கையில் இருக்கும்போது சிஸ்டரைப் பற்றி சிஸ்டரிடமே யார் குறை சொல்வார்?

ஆள் குறையும் நாட்களில்

இரண்டு பேர் லீவு, ஒருவர் வேறு வார்டுக்குப் போய்விட்டார், முப்பது படுக்கைக்கு இரண்டே நர்ஸ். அந்த நாளுக்கான திட்டமும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய பழக்கப்படி ஒருவர் ஊசி, ஒருவர் பி.பி. என்று திரும்பாதீர்கள். வார்டை இரண்டாகப் பிரியுங்கள். 1 மதிப்பெண் நோயாளிகளுக்குச் சுற்றை நாலு மணி நேரத்துக்கு ஒன்றாக்கலாம். சுத்தம் செய்வது, கோப்பு ஒழுங்கு, இன்டென்ட் மறுநாளுக்குப் போகலாம். நியூஸ் டூ 5-ஐத் தொட்டவர்களைப் பார்ப்பது, 3 மதிப்பெண் நோயாளிகளைப் புரட்டுவது, அபாய மருந்துகளின் இருவர் சரிபார்ப்பு, படுக்கையருகே ஹேண்டோவர் இந்த நான்கையும் விடக் கூடாது. எதை விட்டோம் என்பதை விட்டோம் என்றே எழுதி, நேரத்தோடு கையெழுத்திட்டு, நர்சிங் சூப்பரின்டெண்டுக்கு அன்றே அனுப்புங்கள். அடுத்த முறை ஆள் கேட்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியது அந்தத் தாள்தான்.